பினாங்கிலிருந்து லண்டன்: தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்குப் போடலாம்

போன வருடம் என் சித்தி முதன்முறையாக லண்டன் போனார். மகள் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறாள், பேரன் பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த் வீட்டில் சாப்பாட்டு மேசை மேல் டிக்கெட்டை விரித்து வைத்துக்கொண்டு சித்தி சொன்னார்: “கோலாலம்பூர்ல ராத்திரி பதினொன்றரைக்கு ஏறுறேன், லண்டன்ல காலையில ஆறரைக்கு இறங்குறேன். ஏழு மணி நேரம்தானே தம்பி? ஜொகூருக்குப் பஸ்ல போறதவிடக் கம்மி.”

டிக்கெட்டில் அச்சாகியிருந்த இரண்டு நேரமும் சரி. சித்தி போட்ட கழித்தலும் சரி. ஆனால் அந்தப் பயணம் ஏழு மணி நேரம் இல்லை, 14 மணி நேரம். சித்திக்கு நீரிழிவு. ஏழு மணி நேரம்தானே என்று நினைத்து, இன்சுலினைப் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட இருந்தார். அன்று மாலை நாங்கள் இருவரும் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்து, வீட்டு வாசலிலிருந்து மகள் வீட்டு வாசல் வரை கணக்குப் போட்டோம். அந்தத் தாளில் இருந்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புகிறவர்களுக்கும், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற அம்மா அப்பாவுக்கும், முதன்முறை தூரப் பயணம் கிளம்புகிற யாருக்கும் இது உதவும். லண்டன் ஒரு எடுத்துக்காட்டுதான். டொராண்டோவுக்கும் மெல்பர்னுக்கும் இதே முறைதான்.

முதல் படி: ஊர்ப் பெயரை விட்டுவிட்டு நிலையத்தைப் பாருங்கள்

தூரம் என்பது இரண்டு ஊர்களுக்கு இடையில் இல்லை, இரண்டு விமான நிலையங்களுக்கு இடையில். டிக்கெட்டில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் மூன்று எழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும். முதலில் அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாயான் லெப்பாஸில் உள்ள பினாங்கு நிலையம் பிஇஎன். செப்பாங்கில் உள்ள கேஎல்ஐஏ, அதாவது கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம், கேயூஎல். லண்டன் ஹீத்ரோ, எல்எச்ஆர். சென்னைக்கு எம்ஏஏ. ஊர் பெயர் மாறினாலும் அந்த மூன்று எழுத்தில் மெட்ராஸ் இன்னும் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், “கோலாலம்பூர்” என்ற ஒரே பெயரில் நமக்கு இரண்டு நிலையங்கள் உண்டு. 1998-இல் கேஎல்ஐஏ திறக்கும் வரை நாடு முழுவதற்கும் வாசலாக இருந்தது சுபாங். இன்றும் சில உள்நாட்டு விமானங்கள் அங்கேதான் இறங்குகின்றன, பினாங்கிலிருந்து போகிற சிலவும் அதில் சேர்த்தி. அதன் குறியீடு எஸ்இசட்பி. என் மாமா மகன் ஒருவன் பினாங்கிலிருந்து தனியாக ஒரு மலிவு டிக்கெட் எடுத்து, சுபாங்கில் இறங்கிய பிறகுதான் தன்னுடைய வெளிநாட்டு விமானம் செப்பாங்கில் நிற்கிறது என்று கண்டுபிடித்தான். நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் பயணம், அதுவும் வேலை விடும் நேரத்துப் போக்குவரத்து நெரிசலில். அவன் விமானத்தைப் பிடிக்கவில்லை.

கேயூஎல் என்று சரியாகப் போட்டிருந்தாலும் டெர்மினல் எண்ணைப் பாருங்கள். பழைய முதன்மைக் கட்டடம் டெர்மினல் 1. நாம் பல வருடம் கேஎல்ஐஏ2 என்று சொல்லிப் பழகியது, 2014 மே மாதம் திறந்தது, இப்போது டெர்மினல் 2. இரண்டும் ஒரே நிலையம்தான், ஆனால் நடந்து போகிற தூரம் இல்லை. ரயிலில் மூன்று நிமிடம். ரயிலுக்குக் காத்திருப்பது, நடப்பது, லக்கேஜ் இழுப்பது எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் பக்கமும் இதே கதைதான். ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் என்று பல நிலையங்கள் லண்டன் பெயரில் இருக்கின்றன. அழைத்துப்போக வருகிறவருக்கு “லண்டன் வர்றேன்” என்று மட்டும் சொன்னால் போதாது.

இரண்டாவது படி: தூரம்

சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு அடிக்கோல் வைத்துக் கோடு போட்டால் அது அரபு நாடுகள் பக்கமாகப் போகும். உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்து அச்சடித்ததால் வரும் மயக்கம் அது. பள்ளிக்கூடத்தில் இருக்கிற பூகோள உருண்டையை எடுத்து, ஒரு நூலின் ஒரு முனையை மலேசியா மேலும் மறு முனையை இங்கிலாந்து மேலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானாகவே வடக்கே ஏறும். வங்காள விரிகுடாவைக் கடந்து ஒடிசா கடற்கரையில் ஏறி, டெல்லி பக்கமாகப் போய், மத்திய ஆசியா, காஸ்பியன் கடலின் வட பகுதி, ரஷ்யாவின் தென்மேற்கு மூலை, உக்ரைன் வழியாக லண்டனில் இறங்கும். உருண்டை மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி அதுதான். பெருவட்டப் பாதை என்று அதற்குப் பெயர். இரண்டு நிலையங்களுக்கு இடையே “தூரம்” என்று எங்கே பார்த்தாலும் இந்தக் கோட்டின் நீளத்தைத்தான் சொல்கிறார்கள்.

நூலை எடுத்து அளந்தாலே ஓரளவுக்குச் சரியான விடை வரும். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். நூலின் நீளம் உருண்டையின் சுற்றளவில் எத்தனையில் ஒரு பங்கு என்று பாருங்கள், அவ்வளவுதான். கோலாலம்பூர்–லண்டன் கால் பங்குக்குச் சற்று மேல் வரும்.

துல்லியமாக வேண்டுமென்றால் ஃபோன் கால்குலேட்டர் போதும். பழைய பாடத்திட்டத்தில் படிவம் 5 கணிதத்தில் ‘பூமி ஒரு கோளம்’ என்று ஒரு பாடம் இருந்தது, எஸ்பிஎம் எழுதிய பலருக்கு நினைவிருக்கும். ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலைக்கு ஒரு கடல் மைல். அதுதான் இங்கேயும் அடிப்படை. கேஎல்ஐஏ நிற்கும் இடம் வட அட்சம் 2.75, கிழக்குத் தீர்க்கம் 101.71. ஹீத்ரோ வட அட்சம் 51.47, மேற்குத் தீர்க்கம் 0.46. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் தீர்க்க வித்தியாசத்துக்கு இரண்டையும் கூட்ட வேண்டும்: 102.17. இரண்டு அட்சங்களின் சைனையும் பெருக்கினால் 0.0375. இரண்டு அட்சங்களின் கொசைனையும் தீர்க்க வித்தியாசத்தின் கொசைனையும் சேர்த்துப் பெருக்கினால் மைனஸ் 0.1312. இரண்டையும் கூட்டி, அந்த விடைக்குத் தலைகீழ் கொசைன் எடுத்தால் 95.4 பாகை. அதை 60-ஆல் பெருக்கினால் சுமார் 5,720 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஆக சுமார் 10,600 கிலோமீட்டர்.

சைனும் கொசைனும் வேண்டாம் என்கிறவர்கள் கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற இணையதளத்தில் இரண்டு குறியீடுகளையும் நடுவில் ஒரு சிறு கோடு போட்டுத் தட்டினால் தூரமும் வளைந்த பாதையும் வந்து நிற்கும். பிள்ளைகளை உட்காரவைத்து ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு தளத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள். அந்த 10,600 திரையில் வரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்துக்குத் தேவைப்படுகிற வேறு சில தூரங்களும் போட்டு வைத்திருக்கிறேன். பினாங்கு–கோலாலம்பூர் 325 கிலோமீட்டர். கோலாலம்பூர்–சென்னை சுமார் 2,630. கோலாலம்பூர்–திருச்சி சுமார் 2,690. பினாங்கு–சென்னை சுமார் 2,360, அதாவது கோலாலம்பூரைவிடப் பினாங்கு சென்னைக்கு 270 கிலோமீட்டர் பக்கம். பினாங்கிலிருந்து நேராக லண்டனுக்கு ஒரு கோடு போட்டால் சுமார் 10,280. ஆனால் சித்தி முதலில் தெற்கே கோலாலம்பூருக்குப் போய், அங்கிருந்து திரும்ப வடமேற்கே பறக்க வேண்டும். இரண்டு பயணத்தையும் கூட்டினால் 10,930. டிரான்சிட்டுக்காகக் கூடும் தூரம் 650 கிலோமீட்டர். இது பெரிதாகத் தெரியும், ஆனால் விமானத்துக்கு இது முக்கால் மணி நேரம்தான். தூரத்தைவிட நேரத்தைத் தின்பது வேறு விஷயங்கள், அவற்றுக்கு வருகிறேன்.

மூன்றாவது படி: கிலோமீட்டரை மணியாக்குவது

இன்றைய பெரிய ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்கு 900 கிலோமீட்டர் அளவில் பறக்கும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் நிற்பதும், இறங்கியபின் கேட் வரை போவதும் பயண நேரத்தில் சேரும். டிக்கெட்டில் எழுதியிருக்கும் நேரம், விமானம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து மறு ஊரில் கேட்டில் வந்து நிற்கும் வரை. அதனால் நான் கையாளும் எளிய கணக்கு இது: தூரத்தை 850-ஆல் வகுங்கள், அரை மணி கூட்டுங்கள்.

பினாங்கு–கோலாலம்பூர் 325 கிலோமீட்டருக்கு இந்தக் கணக்கில் ஐம்பத்து மூன்று நிமிடம் வரும். அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போட்டிருப்பார்கள். கோலாலம்பூர்–சென்னைக்கு மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம் வரும், அட்டவணையில் நான்கு மணி நேரத்தை ஒட்டி இருக்கும். இந்தச் சிறு வித்தியாசம் தாமதத்துக்கென்று நிறுவனங்கள் விட்டு வைக்கும் இடைவெளி.

கோலாலம்பூர்–லண்டனுக்கு 10,600-ஐ 850-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை, அரையைக் கூட்டினால் 13 மணி. திரும்பி வரும் பயணத்துக்கு இது கிட்டத்தட்டச் சரி. போகும் பயணத்துக்குத்தான் 14 ஆகிறது. ஒரே தூரத்துக்கு ஏன் இரண்டு நேரம் என்று சித்தியும் கேட்டார்.

காற்றும், மூடிக்கிடக்கும் வானமும்

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், வெப்ப மண்டலத்துக்கு வடக்கே, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு காற்று ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெட் காற்றோட்டம் என்பார்கள். குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் கூடும். லண்டனுக்குப் போகிற விமானம் அதை எதிர்த்துப் போகிறது, திரும்புகிற விமானம் அதோடு சேர்ந்து வருகிறது. பினாங்குப் படகுத்துறையில் நின்று பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. நீரோட்டத்தை எதிர்த்துப் போகிற படகு எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் கரையைப் பார்த்தால் மெதுவாகத்தான் நகரும்.

கணக்காகவே பார்க்கலாம். காற்றுக்குள் 900 வேகத்தில் போகிற விமானத்துக்குச் சராசரியாக 40 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்றால் தரையளவில் 860. அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 940. 10,600 கிலோமீட்டரில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கிழக்கும் மேற்குமாகப் போகிற எந்த நீண்ட பயணத்திலும் போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்று இருந்தால் முதல் காரணம் இதுதான். சிட்னிக்கோ மெல்பர்னுக்கோ போகிறவர்களுக்கு இது தலைகீழ், போகும்போது சீக்கிரம்.

இரண்டாவது காரணம் நாடுகள். நூல் காட்டிய அந்தக் குறுக்குவழி உக்ரைன் மேல் போகிறது என்று சொன்னேன். 2014 ஜூலை 17-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமிலிருந்து நம் ஊருக்கு வந்துகொண்டிருந்த மலேசியா ஏர்லைன்ஸ் விமானம் எம்எச்17 கிழக்கு உக்ரைன் மேல்தான் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 298 பேரும் போனார்கள். அந்த வாரம் நம் நாட்டில் யாரும் மறக்கக்கூடியது இல்லை. 2022 பிப்ரவரி 24-இல் போர் மூண்டதும் உக்ரைன் வான்வெளி முழுவதும் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அதனால் ஐரோப்பாவுக்குப் போகிற விமானங்கள் தெற்கே வளைந்து போகின்றன. வேறு வட்டாரங்களில் பதற்றம் வரும்போது அங்கேயும் பாதை மாறும். 2019-இல் பாகிஸ்தான் தன் வான்வெளியைப் பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை வரை மூடியபோது இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே பல பயணங்கள் நீண்டன.

ஆகவே பெருவட்டத் தூரத்தைக் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அறிய, ஃப்ளைட்ரேடார்24 செயலியில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, கடந்த ஒரு வாரம் அது எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று பாருங்கள். அட்டவணையைவிட இதைத்தான் நான் நம்புகிறேன். ஏழு நாள் கணக்கைப் பார்த்தால் வழக்கமாகத் தாமதமாகிற விமானமா என்பதும் தெரிந்துவிடும்.

நான்காவது படி: கடிகாரம்

சித்தி தடுமாறிய இடம் இது. புதிதாகப் போகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் தடுமாறுவதும் இங்கேதான்.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். இரண்டையும் நேராகக் கழிக்கவே கூடாது. முதலில் இரண்டையும் மலேசிய நேரமாக்குங்கள், பிறகு கழியுங்கள்.

மலேசியா உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி முன்னால் இருக்கிறது. 1982 ஜனவரி 1-ஆம் தேதிதான் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளிச் சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அதற்கு முன் ஏழரை மணி. இந்தியாவோடு இரண்டு மணி நேர வித்தியாசம் என்று இன்றும் சொல்கிற தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்கள் நினைவில் இருப்பது அந்தக் காலத்துக் கணக்கு. இன்று இரண்டரை மணி.

இங்கிலாந்தோடு வித்தியாசம் வருடம் முழுவதும் ஒன்றாக இருக்காது. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்துக்கொள்கிறார்கள். அந்த மாதங்களில் நமக்கும் அவர்களுக்கும் ஏழு மணி வித்தியாசம், மற்ற மாதங்களில் எட்டு. நாம் கடிகாரத்தைத் தொடுவதில்லை. மார்ச், அக்டோபர் கடைசி வாரங்களில் பயணம் என்றால் இதை இரண்டு முறை பாருங்கள்.

சித்தி போனது ஜூன் மாதம். இறங்கும் நேரம் லண்டனில் காலை 6:30, ஏழு மணி கூட்டினால் மலேசியாவில் மதியம் 1:30. முந்தைய நாள் இரவு 11:30-இலிருந்து மதியம் 1:30 வரை எண்ணுங்கள். 14 மணி நேரம்.

திரும்பும் பயணத்தைச் சித்தியையே போடச் சொன்னேன். லண்டனில் காலை 11 மணிக்குப் புறப்பாடு, கோலாலம்பூரில் மறுநாள் காலை 7 மணிக்கு இறக்கம். டிக்கெட்டில் 7:00-க்குப் பக்கத்தில் ஒரு சின்ன ‘+1’ இருக்கும், மறுநாள் என்று பொருள். லண்டன் காலை 11 என்றால் இங்கே மாலை 6. மாலை 6-இலிருந்து மறுநாள் காலை 7 வரை 13 மணி. “அட, வர்றதுக்கு ஒரு மணி கம்மி” என்று அவரே சொன்னார். அந்த ‘+1’-ஐக் கவனிக்காமல் ஒரு நாள் முன்னதாக அழைத்துவர நிலையத்துக்குப் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

பழகுவதற்குச் சென்னைப் பயணத்தைப் போட்டுப் பாருங்கள். கோலாலம்பூரில் காலை 10 மணிக்கு ஏறி, சென்னையில் 11:30-க்கு இறங்குவதாக டிக்கெட் சொன்னால் பயணம் எவ்வளவு? ஒன்றரை இல்லை. சென்னை 11:30 என்றால் நமக்கு மதியம் 2 மணி, ஆக நான்கு மணி நேரம். சென்னையில் நள்ளிரவு 12:15-க்கு ஏறிக் காலை 6:45-க்குக் கோலாலம்பூர் வந்தால் அதுவும் நான்கு மணி நேரம்தான். ஆறரை மணி நேரம் தூங்கலாம் என்று நம்பி ஏற வேண்டாம்.

கடிகாரத்தோடு வெயிலும் சேர்ந்து மாறும். இரவு கிளம்பி மேற்கே போகிற விமானம் இருட்டுக்குப் பின்னாலேயே ஓடுகிறது. அதனால் அந்த இரவு நம் வழக்கமான இரவைவிட மிக நீளம். தூங்கி எழுந்து ஜன்னலைத் திறந்தால் இன்னும் இருட்டாகத்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது சூரியனை எதிர்கொண்டு வருகிறோம், இரவு சுருங்கிவிடும். கிழக்கே வந்த பிறகுதான் பலருக்கு உடம்பு தாளம் தப்புகிறது. பழைய தூக்கத்துக்குத் திரும்ப, ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்ற அளவில் எடுத்துக்கொள்ளும். வந்து இறங்கிய மறுநாளே வேலைக்குப் போக லீவைத் திட்டமிடாதீர்கள்.

ஐந்தாவது படி: டிரான்சிட்

நேர் விமானமா, வளைகுடா வழியா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வருகிறது. தூரத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கோலாலம்பூர்–தோஹா சுமார் 5,910 கிலோமீட்டர், தோஹா–லண்டன் சுமார் 5,240. கூட்டினால் 11,150. நேர்வழியைவிட ஐந்நூற்றுச் சொச்சம்தான் அதிகம். ஆக, வளைகுடா வழியில் நேரம் கூடுவது சுற்றுவழியால் இல்லை. இரண்டு முறை இறங்குவதாலும் நடுவில் காத்திருப்பதாலும்தான். இரண்டு மணி நேரக் காத்திருப்பு என்றால் மொத்தம் 17 மணிக்குள் முடியும். ஒன்பது மணி நேரம் என்றால் ஒரு நாள் போய்விடும். மலிவு டிக்கெட்டைப் பார்த்தவுடன் இந்த இடைவெளியைத்தான் முதலில் தேடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நடுவில் இறங்கி நடப்பது நல்லது என்று சிலர் தேர்ந்தெடுக்கிறார்கள். தனியாகப் போகிற, ஆங்கிலம் தயங்கிப் பேசுகிற பெரியவர்களுக்கு நேர் விமானமே நல்லது என்பது என் தீர்மானமான கருத்து.

பினாங்கிலிருந்து கிளம்புகிறவர்கள் முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். அப்படி எடுத்தால் பெட்டியைப் பாயான் லெப்பாஸில் போட்டு லண்டனில் எடுக்கலாம். செக்-இன் கவுண்டரில் பெட்டியில் ஒட்டுகிற சீட்டில் எல்எச்ஆர் என்று இருக்கிறதா என்று மட்டும் கண்ணால் பாருங்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும், அடுத்த விமானத்தில் இடம் கொடுப்பது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் அந்தப் பொறுப்பு யாருக்கும் கிடையாது. கோலாலம்பூரில் பெட்டியை எடுத்து, டெர்மினல் மாறி, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். நூறு ரிங்கிட் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டாயிரம் ரிங்கிட் டிக்கெட்டை இழக்க வேண்டாம். எப்படியும் தனியாகத்தான் எடுப்பேன் என்றால் நடுவில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள்.

கேஎல்ஐஏ டெர்மினல் 1-இல் நீண்ட தூர விமானங்கள் பல தனியாக நிற்கும் சேட்டிலைட் கட்டடத்திலிருந்து கிளம்புகின்றன. அங்கே போக ஏரோட்ரெயின். இரண்டு வருடத்துக்கு மேல் ஓடாமலிருந்து 2025 ஜூலை 1-ஆம் தேதி திரும்ப ஓடத் தொடங்கியது. குடிநுழைவுச் சோதனை முடிந்ததும் கடைகளில் நிற்காமல் முதலில் கேட் பக்கம் போய்விடச் சொல்லுங்கள்.

ஆறாவது படி: வாசலிலிருந்து வாசல்

இப்போது தாளின் இடது பக்கம் மலேசிய நேரம், வலது பக்கம் லண்டன் நேரம் என்று இரண்டு பத்தி போட்டு, கீழிருந்து மேலாக எழுதுங்கள். கடைசி விமானத்திலிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

கோலாலம்பூரில் இரவு 11:30-க்குப் புறப்பாடு. அதற்கு மூன்று மணி முன்னதாக, 8:30-க்கு அங்கே இறங்கியிருக்க வேண்டும். அப்படியென்றால் பினாங்கிலிருந்து 7:30 விமானம். பாயான் லெப்பாஸில் மாலை 5 மணிக்கு இருந்தால் நிதானமாகப் பெட்டி போடலாம். பட்டர்வொர்த்திலிருந்து 4 மணிக்காவது கிளம்ப வேண்டும். தொழிற்சாலை விடும் நேரத்தில் பழைய பாலம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். செபராங் பிறை தெற்கில், பத்து காவான் பக்கம் இருப்பவர்களுக்கு 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் சுலபம். அது தீவில் ஏறுகிற பத்து மாவுங் விமான நிலையத்துக்குப் பக்கம். கோலாலம்பூரிலேயே இருக்கிறவர்களுக்குக் கணக்கு எளிது. கேஎல் சென்ட்ரலிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயில் டெர்மினல் 1-க்கு 28 நிமிடம், டெர்மினல் 2-க்கு 33 நிமிடம். பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலில் கும்பிட்டுவிட்டு நடந்தே ரயிலுக்குப் போகலாம்.

லண்டனில் காலை 6:30-க்கு இறங்கினால் குடிநுழைவு, பெட்டி, சுங்கம் முடிந்து வெளியே வர ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் 2025 ஜனவரி 8 முதல் கிளம்பும் முன்பே இணையத்தில் இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி வாங்கியிருக்க வேண்டும், அது இல்லாமல் இங்கேயே ஏற விடமாட்டார்கள். பிறகு ஈஸ்ட் ஹாமுக்கு ரயில் மாறி, பெட்டியோடு ஒன்றரை மணி. வாசலில் செருப்பைக் கழற்றும்போது லண்டனில் காலை 9:30, மலேசியாவில் மாலை 4:30.

முந்தைய நாள் மாலை 4 மணியிலிருந்து மறுநாள் மாலை 4:30 வரை. இருபத்து நான்கரை மணி நேரம். அதில் விமானத்தில் இருந்தது 15 மணி, மீதி ஒன்பதரை மணி நேரம் பாலத்திலும் வரிசையிலும் நாற்காலியிலும் ரயிலிலும். சித்தி அந்தக் கூட்டலைப் பார்த்துவிட்டு, தன் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு வர ஒரு வாரம் ஆன கதையைச் சொன்னார். கடலில் எந்த நாள் எந்தக் கிழமை என்றே தெரியவில்லையாம்.

மருந்தும் துண்டுச் சீட்டும்

நேரம் பார்த்து மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் இந்தத் தாளைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னதாக டாக்டரிடம் காட்டுங்கள். “காலை ஒன்று, இரவு ஒன்று” என்பது நேரம் மாறுகிற பயணத்தில் பொருந்தாது. எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கேட்டு, மலேசிய நேரப் பத்தியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மருந்து முழுவதும் கைப்பையில் இருக்க வேண்டும், மருந்துச் சீட்டோடு. பெட்டி போகிற சரக்கறையின் குளிர் இன்சுலினுக்கு ஆகாது, பெட்டி ஒரு நாள் தாமதமானால் அதைவிட ஆபத்து. பதினான்கு மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். விழித்திருக்கும்போது ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

சித்தி கையில் கடைசியாக நாங்கள் கொடுத்தது, உள்ளங்கை அளவுச் சீட்டு. பெரிய எழுத்தில் விமான எண்கள், டெர்மினல், ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு ஊர் நேரம், பின்பக்கம் மகளின் முகவரியும் எங்கள் எல்லாருடைய ஃபோன் எண்ணும். ஃபோனில் சார்ஜ் போனாலும் தாள் இருக்கும். அதே சீட்டின் இன்னொரு படி ஈஸ்ட் ஹாமில் மகளிடம், மூன்றாவது எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில்.

மறுநாள் மதியம் 1:50-க்கு என் ஃபோனில் செய்தி வந்தது: “இறங்கிட்டேன் தம்பி. இங்க இன்னும் காலைதான். ரெண்டாவது ஊசி உங்க நேரம் பார்த்துப் போட்டுக்கிட்டேன்.”